நாலு ஊர் மெட்டு

தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம், மாங்குளம் கோயில். ஆண்டவருடைய பாடுகளைப் பாடிச் சொல்கிற வியாகுல பிரசங்கம் தொடங்க வேண்டும். ஆர்மோனியத்தின் துருத்தியை ஒருமுறை இழுத்துவிட்டு, "அக்கா, எடுங்கோ" என்றேன். எந்த அக்கா என்று சொல்லாமல் விட்டது என் பிழை. முன் வாங்கில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பேசாலையில் பிறந்தவர், ஒருவர் இளவாலை, மற்றவர் முல்லைத்தீவுக் கரையில் வாழ்க்கைப்பட்டவர். மூவரும் ஒரே மூச்சில் எடுத்தார்கள். வரி ஒன்று, மெட்டு மூன்று. கதவடியில் நின்ற பெடியள் சிரித்துவிட்டார்கள். தூணோடு சாய்ந்து முக்காடு போட்டிருந்த ஒரு அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. அவருடைய தாய் தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு பனிக்கன்குளத்துக்கு வந்தவர்கள். அவருக்கு இந்தப் பிரசங்கம் பழக்கமில்லை. மாதா பாட்டு என்று ஒரு சொல் சொல்லுங்கள், கூரைத் தகரம் அதிரப் பாடுவார்.

எல்லாரும் தமிழர்தான், எல்லாரும் வேதக்காரர்தான். ஆனாலும் ஐம்பது வருஷமாக ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருக்கிற எனக்கு, மாங்குளத்து மெட்டு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் காட்டத் தெரியாது. இங்கே வந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் மெட்டோடு வந்தார்கள். பாட்டு நடத்துகிறவளுடைய வேலை அந்த மெட்டுகளுக்கு முறை வைத்துக் கொடுப்பது. கிணற்றடியில் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல.

என் தகப்பனார் றெயில்வேயில் வேலை பார்த்தவர். வடக்குக்கான கோச்சிப் பாதை 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் இருந்த மாங்குளம் ஒரு சந்தி ஆனது. கிழக்கே முல்லைத்தீவுக்கு ஒரு வீதி, மேற்கே மல்லாவி, வெள்ளாங்குளம் பக்கம் ஒரு வீதி, நடுவில் கண்டி வீதியும் தண்டவாளமும். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது நான் பிறக்கவில்லை. அடுத்த வருஷம் பிறந்தேன். றெயில்வே குவாட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீடு நீர்கொழும்புக் குடும்பம், அதற்கடுத்தது ஒரு பறங்கிக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே கோயிலுக்குத்தான் போவோம். பூசை லத்தீனில். ஒருவருக்கும் விளங்காது, அதனால் ஒருவருக்கும் சண்டையும் இல்லை. அப்பா பகிடியாகச் சொல்வார்: "லத்தீன் இருந்தமட்டும் நாங்கள் எல்லாம் ஒரு சாதி, பிள்ளை."

பகிடிதான். லத்தீன் பூசைக்குள்ளும் சனம் தங்கள் பாஷையில் செபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டு நீர்கொழும்பு ஆச்சி வீட்டில் பேசுவது சிங்களம், செபமாலைக்கு மட்டும் தமிழ். நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் அந்தத் தலைமுறையில் அப்படிப் பலர் இருந்தார்கள். கரையோரத்துத் தமிழ் மெல்ல மெல்லச் சிங்களமாக மாறியபோது, கடைசியாக மாறினது செபம்.

1963 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்டது. மக்கள் தங்கள் மொழியில் வழிபடலாம், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசைமரபுக்கு உரிய இடம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்துக்குள் பீடம் எங்கள் பக்கம் திரும்பியது, சுவாமியின் முகம் தெரிந்தது, பூசை தமிழானது. அம்மாவுக்குச் சந்தோஷம். நீர்கொழும்பு ஆச்சி மட்டும் கொஞ்ச நாள் கோபமாக இருந்தா. செபத்துக்குத் தமிழ் சரி, பூசைக்கு வேண்டாம் என்பது அவவின் கட்சி.

சொந்த இசைமரபு என்று ஏட்டில் எழுதுவது லேசு. யாருடைய சொந்தம்? வன்னியில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இருநூறு முந்நூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாடு தடை. குருமாரை ஒளித்து வைப்பவருக்கு மரணதண்டனை என்று கட்டளை. அப்போது மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. 1670 என்று மடுவின் வரலாற்றில் சொல்வார்கள். இன்றைக்கு மடு என்றால் ஆவணித் திருவிழா, லட்சக்கணக்கான சனம், தமிழும் சிங்களமும் மாறி மாறி ஒலிக்கும் ஒலிபெருக்கி. தொடங்கியது ஒரு இடம்பெயர்வில். வன்னிக் காட்டுக்கு வேதம் வந்த வழியே அகதி வழிதான்.

குருவில்லாமல் கிடந்த அந்தச் சனத்தைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து யோசவ்வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1705இல் அவருக்குப் பின்னால் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். பாட்டு நடத்துகிற எங்களுக்கு வாஸ் முனிவரைவிட இவர்தான் நெருக்கம். கொங்கணி வீட்டில் பிறந்த மனிசன், தமிழையும் சிங்களத்தையும் படித்து இரண்டிலும் நூல் நூலாக எழுதினார். சிங்களக் கத்தோலிக்கர் அவரைத் தங்கள் இலக்கியத்தின் தந்தை என்கிறார்கள். ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லி அழுகிற பசன் பிரசங்கங்களைச் சிங்களத்தில் எழுதினவரும் அவர்தான், எங்கள் வியாகுல பிரசங்கத்தை எழுதினவரும் அவர்தான். 1742இல் மேற்குக் கரையில், போலவத்தையில் இறந்தார்.

குருவானவர் வருஷத்துக்கு ஒருதரம் வருவாரோ மாட்டாரோ என்ற காலத்தில் எழுதப்பட்ட நூல் அது. ஆகவே மூப்பரோ வீட்டுப் பெரியவரோ வாசித்து நடத்தக்கூடியதாக, இழுத்து இழுத்துப் பாடுவதற்குத் தோதாக அதை அமைத்திருக்கிறார். ஏட்டில் சொல் இருந்தது, இராகக் குறிப்பு இருக்கவில்லை. பேசாலைக்காரர் அதைத் தங்கள் கூத்துத் தொண்டையால் பாடினார்கள். சுருதி ஐந்து கட்டைக்குக் கீழே இறங்காது. யாழ்ப்பாணத்தார் நிதானமாக, ஒவ்வொரு அடிக்கும் மூச்சு விட்டுப் பாடினார்கள். முல்லைத்தீவுக் கரையில் பெண்கள் ஒப்பாரி வைக்கும் குரலிலேயே வைத்தார்கள். என் முன் வாங்கு அக்காமார் மூவரும் மூன்று விதமாக எடுத்ததற்குக் காரணம் இதுதான். எது சரியான மெட்டு என்று என்னிடம் கேட்டால், எல்லாம் சரி என்பேன். எல்லாரையும் ஒரே நாளில் பாடவிட முடியாது என்பதுதான் சிக்கல்.

நான் 1974இல், பதினேழு வயதில், பாடகர் குழாமுக்குப் பொறுப்பானேன். முந்தி இருந்த அண்ணர் இடமாற்றத்தில் போய்விட்டார், வேறு ஒருவருக்கும் ஆர்மோனியம் தெரியாது. அவ்வளவுதான் தகுதி.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு நடந்த ஒன்றை இதுவரை எங்கும் எழுதவில்லை. 1958இலும், பிறகு 1977இலும் கலவரத்தில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. 1977க்குப் பிறகு வந்தவர்களுக்குக் காந்தியம் அமைப்பு குடியேற்றங்கள் அமைத்துக் கொடுத்தது. எங்கள் கோயிலுக்கும் சில குடும்பங்கள் வந்தன. அந்தப் பெடியள் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கிறோம் என்று கேட்டு வந்தார்கள். தோட்டத்தில் மாதா தேர் தப்பு இல்லாமல் நகராதாம். பெரியவர்கள் கூடிப் பேசி, "அது சாப்பறை, கோயிலுக்கு ஆகாது" என்று முடித்துவிட்டார்கள். சாப்பறை என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது சாதி. சங்க ஏடு என் கையில் இருந்தது, எழுந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வயது, கலியாணப் பேச்சு நடக்கிற நேரம், வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெடியள் பிறகு பாடகர் குழாம் பக்கம் வரவில்லை. தூணோடு சாய்ந்திருந்த அந்த அம்மா அவர்களில் ஒருவனுடைய தங்கச்சி.

இப்போது தேர் சுற்றும்போது தப்பு அடிக்கிறார்கள். அதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் எடுத்தது.

1981இல் மன்னார் தனி மறைமாவட்டம் ஆனது. கண்டி வீதியால் தெற்கே போய் வவுனியா மாவட்டத்துக்குள் கால் வைத்தால் மன்னார் ஆயர், இந்தப் பக்கம் யாழ்ப்பாண ஆயர். பாட்டுக்கு அந்த எல்லை தெரியாது.

1990 யூனில் போரால் கோச்சி நின்றது. நவம்பரில் மாங்குளம் ஆமி முகாம் சண்டை. நாங்கள் முதல்முறை ஊரைவிட்டுப் போனது அப்போது. பிறகு 1998, பிறகு 2008. கோச்சி ஓடாத தண்டவாளத்தைக் கழற்றினார்கள். சிலிப்பர் கட்டைகள் பங்கருக்குக் கூரையாகின. எங்கள் கோயில் மணியும் ஒரு சண்டையில் போயிற்று. யாரோ ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். இரும்புக் கம்பியால் மூன்றுதரம் தட்டினால் ஒலுமடு வீதிவரை கேட்கும். அப்பா இருந்தவரை அந்தச் சத்தம் கேட்டால், "இஞ்சை பார், கோச்சி வருது" என்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவில் யாழ்ப்பாணத்து வலிகாமம் சண்டைக்குப் பயந்து முழுக்க எழுந்து நடந்தது. அடுத்த வருஷம் அதில் பெரும் பங்கு வன்னிக்குள் இருந்தது. எங்கள் சின்னக் கோயிலுக்குள் திடீரென்று யாழ்ப்பாணப் பங்குகளின் பாடகர் குழாம்கள் வந்து நின்றன. ஸ்வரம் எழுதி வாசிக்கத் தெரிந்தவர்கள், வயலின்காரர், 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் பாஸ்கு நாடகங்களில் பாடிப் பழகியவர்கள். ஒரு அண்ணர் எங்கள் காணிக்கைப் பாட்டைக் கேட்டுவிட்டு, "இது வன்னிப் பாட்டு, கொஞ்சம் திருத்த வேணும்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அவரிடம்தான் இரண்டு குரலில் பாடுவதைப் படித்தேன்.

அந்தக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த பாட்டுக் கசெட்டுகள் இருந்தன, போட்டுக் கேட்க வழியில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவின் வயரை றெக்கோடருக்குக் கொடுத்து, ஒரு பெடியன் பெடலைக் கையால் சுற்றுவான். அவன் வேகம் குறைந்தால் பாட்டு இழுபடும், கூட்டினால் கீச்சிடும். அப்படி நாங்கள் படித்த ஒரு திருவிருந்துப் பாட்டை, பல வருஷத்துக்குப் பிறகு சரியான வேகத்தில் கேட்டேன். இருக்க வேண்டியதைவிட உயரத்தில், கூடின வேகத்தில் பாடிக்கொண்டிருந்திருக்கிறோம். மாங்குளத்து மெட்டு என்று ஒன்று உண்டென்றால் அதுதான். கொப்பி இல்லாத காலம், பாவித்த கொப்பிகளின் பின்பக்கத்தில் பாட்டு எழுதினோம். அவற்றையெல்லாம் சேர்த்து நான் ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியில் படியெடுத்து வைத்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் ஊர்ப் பெயர்: பேசாலை, இளவாலை, சில்லாலை, கள்ளப்பாடு, தோட்டம்.

2007 செப்டெம்பர் 26இல் பாக்கியரஞ்சித் அடிகளும், 2008 ஏப்ரல் 20இல், ஞாயிற்றுக்கிழமை, கருணாரட்ணம் அடிகளும் எங்கள் மேற்குப் பக்கத்து வீதிகளில் கிளைமோர் கண்ணிவெடியில் கொல்லப்பட்டார்கள். அதே ஏப்ரல் தொடக்கத்தில் மடு மாதாவே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனா. மாதாவே போய்விட்டா, இனி நாங்கள் எங்கே என்று சனம் சொன்னது. நவம்பரில் மாங்குளமும் போனது. ஆர்மோனியத்தைத் தறப்பாளில் சுற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். இரணைப்பாலையில் ஒரு பங்கருக்குள் அதைவிட்டு எழும்ப வேண்டியதாயிற்று. கொப்பி அதனோடு கட்டியிருந்தது.

2009 ஏப்ரல் 10 பெரிய வெள்ளி. நாங்கள் வலைஞர்மடத்தில் இருந்தோம். கொப்பியும் இல்லை, வாத்தியமும் இல்லை. பின்னேரம் கொஞ்சம் சத்தம் அடங்கின நேரம் பார்த்து ஒரு தறப்பாளுக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடினோம். யாரோ ஒருவர் வியாகுல பிரசங்கத்தை எடுத்தார். அவருக்கு மறந்த இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொண்டார், தன் மெட்டில். அவருக்கு மறந்த இடத்தில் இன்னொருவர். பேசாலையில் தொடங்கின வரி முல்லைத்தீவில் முடியும். நான் பாட்டுக்காரி, காது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. என் கணக்குப்படி அரைவாசிதான் பாடினோம். பிறகு திரும்பவும் சத்தம் தொடங்கிவிட்டது.

செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்துவிட்டு 2010இல் ஊர் திரும்பினோம். கோயிலுக்குக் கூரை இல்லை. தண்டவாளத் துண்டு மட்டும் மரத்திலேயே கிடந்தது. இரும்பை யாரும் எடுக்காததில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அந்த வருஷ நத்தார் இரவுப் பூசைக்கு முதல்நாள், சீருடையில்லாமல் ஒரு ஆமிப் பெடியன் பாட்டுப் பழகுகிற இடத்துக்கு வந்தான். வென்னப்புவக்காரன். அரைகுறைத் தமிழில், "ரீச்சர் அம்மா, ஒரு நத்தல் கீதிகா, நாங்க நாலு பேர், பாடலாமா?" என்று கேட்டான். பிள்ளைகள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். சுவாமியிடம் போனேன். "பாட்டு உங்கட பொறுப்பு, ரீச்சர்" என்றுவிட்டார். நல்ல சுவாமி, அந்தப் பதில் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிரவு நாலைந்து வீடுகளுக்கு நடந்தேன், பிள்ளைகளைத் தொலைத்த வீடுகளுக்கு. அவர்களைக் கேளாமல் செய்ய எனக்கு உரிமையில்லை. இரண்டு பேர் பேசாமல் இருந்தார்கள். ஒருவர், "பூசைக்கு வாறவனை என்னெண்டு தடுக்கிறது?" என்றார். மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "பாடட்டும். நான் வெளியில நிக்கிறன்" என்றா. ஆகவே பூசைக்குள் வைக்கவில்லை. கடைசி ஆசீர்வாதம் முடிந்து, போகிறவர்கள் போகலாம் என்ற நேரத்தில் வைத்தேன். நாலு பேரும் சின்னக் குரலில் பாடினார்கள். அந்த அக்கா வெளியே, வேப்பமரத்தடியில், தண்டவாளத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றா. நல்லிணக்கம் பற்றிப் பேச வந்த ஒருவர் பிறகு என்னிடம், சிங்களப் பாட்டைப் பூசைக்கு நடுவிலே வைத்திருக்கலாமே, தயங்கிவிட்டீர்களே என்றார். இன்னொருவர், பாடவிட்டதே துரோகம் என்றார். இருவருக்கும் நான் சொன்னது: அந்த அக்காவும் என் பங்குக்காரி, அவ பூசையை முழுதாய்க் கண்டுவிட்டு வெளியே போனா. அதுதான் என் கணக்கு. இன்றைக்கும் மாற்றமாட்டேன்.

அடுத்த தவக்காலத்தில் அந்தப் பெடியன் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பின்னால் முழந்தாளில் இருந்தான். பிரசங்கம் முடிந்தபின், "அம்மம்மா இப்படித்தான் பசன் சொல்லுவாங்க" என்று தன் பாஷையும் எங்கள் பாஷையும் கலந்து சொன்னான். இரண்டு மெட்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். எனக்கு அவ்வளவு இசைஞானம் இல்லை. ஆனால் இரண்டையும் எழுதிய கை ஒன்றென்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சொன்னேன். எங்களுக்கு நத்தார், அவர்களுக்கு நத்தல்; எங்களுக்கும் அவர்களுக்கும் பாஸ்கு; எங்களுக்குக் குருசு, அவர்களுக்குக் குருசிய; நாங்கள் பூசை என்பதை அவர்கள் பூஜாவ என்கிறார்கள். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்துவிட்டு அவன் போனான். பிறகு மாற்றலாகியிருக்க வேண்டும், காணவில்லை.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிவரை கோச்சி வந்தது. 2015 தை 14இல் கொழும்பில் யோசவ்வாஸ் அடிகளைப் புனிதராக்கிய கையோடு பின்னேரம் பாப்பரசர் மடுவுக்கு வந்தார். பஸ் பிடித்துப் போனோம். வெயிலும் சனமும்தான் ஞாபகம்.

இப்போது எனக்கு அறுபதைத் தாண்டி வெகுநாள். கீபோட் வாசிக்கிற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒரு பொத்தானை அமத்தினால் தாளம் தானே போகிறது. அதில் எனக்குக் குறையில்லை. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. இரணைப்பாலையில் போன கொப்பியைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல் பிரச்சினையில்லை, அச்சில் கிடைக்கிறது. மெட்டு அச்சில் இல்லை. பேசாலை மெட்டை அக்கா பாடித் தந்துவிட்டா. கள்ளப்பாட்டு மெட்டில் பாதி கிடைத்திருக்கிறது. தோட்டத்து மாதா பாட்டுகள் பதினொன்றைத் தூணோடு சாய்ந்திருக்கும் அந்த அம்மாவே சொல்லச் சொல்ல எழுதினேன். சில்லாலை மெட்டு இன்னும் வரவில்லை.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டில், கனடாவிலோ பாரிஸிலோ பாண்டியன்தாழ்விலோ, வியாகுல பிரசங்கம் பாடத் தெரிந்த ஒரு ஆச்சி இருந்தால், இந்த வெள்ளிக்கிழமையே பக்கத்தில் இருந்து போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் இருமினால் நிறுத்த வேண்டாம். எந்த ஊர் என்று மட்டும் கேட்டு எழுதிவிடுங்கள். மாங்குளம் கோயிலடியில் ஆர்மோனிய ரீச்சர் என்றால் என்னைக் காட்டுவார்கள்.